நீலக் கல்லறைக்கு வலது பக்கம்

அந்த வாடை என்கிட்டருந்துதான் வருது அண்ணாச்சி. ஜன்னலைத் திறந்தாலும் போகாது, மூடினாலும் போகாது. எனாமல் பெயிண்ட். மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சேன். மண்ணெண்ணெய் வாடை போக சோப்பு போட்டேன். இப்போ மூணும் கூட்டணி வச்சு அடிக்குது. தலை சுத்துனா சொல்லுங்க, நான் அந்தப் பக்கம் திரும்பி மூச்சு விடுதேன்.

எங்க போறேன்னா? திருநெல்வேலி போயி, அங்கருந்து திருப்பூர். வேலைக்குன்னும் வச்சுக்கிடலாம். உண்மையைச் சொன்னா தப்பிச்சுப் போறேன். ஐயோ, பையை நகட்டாதீங்க, போலீஸ் கேஸ்லாம் இல்ல. ஒரு பொம்பளைகிட்டருந்து தப்பிக்கேன். நீங்க நினைக்கிற மாதிரியும் இல்ல. அறுபது வயசு. முட்டுவலி. ஓடி வந்து புடிக்கவா போறாவ? ஆனாலும் பஸ் கிளம்புற வரைக்கும் நான் தலையைக் குனிஞ்சுதான் உக்காந்திருந்தேன், பாத்தீங்கல்லா.

எம்பேரு பெலிக்ஸ். திசையன்விளை பக்கம் ஊரு. பாலிடெக்னிக்ல ரெண்டாம் வருஷம் படிக்கையில நானும் காலேஜும் சண்டை சச்சரவு இல்லாம பேசிப் பிரிஞ்சுட்டோம். அப்புறம் செல்போன் கடை, பரோட்டா கடை, கொரியர். எதுலயும் ஒட்டல. பரோட்டா கூட கல்லுல ஒட்டிச்சு, நான் ஒட்டல. கடைசியா பெயிண்ட்தான் ஒட்டுச்சு. ஒட்டுனது போகமாட்டேங்குது, அதான் இந்த வாடை.

எங்க ஊர்ல முக்காவாசி வேதக்காரங்க. நவம்பர் ரெண்டாம் தேதி கல்லறைத் திருநாள். பொங்கல் வந்தா நீங்க வீட்டுக்கு வெள்ளை அடிப்பீங்க, நாங்க அக்டோபர் கடைசியில கல்லறைக்கு அடிப்போம். உசுரோட இருக்கவன் வீட்டுல காரை பேந்து சோத்துல விழும், கேக்க ஆளு இருக்காது. செத்தவருக்கு மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேச்சு, பட்டி பாத்து, பிரைமர் அடிச்சு, அதுக்கு மேல ரெண்டு கோட்டிங், சிலுவைக்கு சில்வர். திருநாள் அன்னைக்கு ஊரே பூவும் மெழுகுவத்தியுமா வந்து நிக்கும். பக்கத்து கல்லறையைவிட நம்ம கல்லறை பளிச்சுன்னு இருக்கணும். அதுதான் பக்தி.

பெயிண்டருக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது அண்ணாச்சி. வீட்டுக்கு அடிச்சா, இங்க விட்டுப்போச்சு, அங்க வழிஞ்சிருக்குன்னு உள்ள இருக்கவங்க உயிரை எடுப்பாங்க. இங்க உள்ள இருக்கவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

இந்த வருஷம்தான் நான் கல்லறைத் தோட்டத்துலயே இறங்குனேன். எங்க வீட்டுல யாரும் இன்னும் சாகல, அதனால அங்க எனக்குப் பழக்கம் கம்மி. மொத ஆர்டர் ரேஷன் கடைக்காரர் வீடு. அவரு சம்சாரம் கல்லறை நீலமா இருந்துச்சு. மகன் துபாய்லருந்து வீடியோ கால்ல வந்து, "அம்மாவுக்கு ரோஸ்னா உயிரு, மொதல்ல இந்த நீலத்தை மாத்துங்க"ன்னாரு. மாத்திட்டேன். அடுத்து பேக்கரிக்காரங்க. தோட்டத்தோட அந்தக் கோடியில அவங்க அப்பா. அவங்களுக்கு நீலம் வேணும்னாங்க. அடிச்சுக் குடுத்தேன். நல்ல நீலம். காக்கா கூட உக்காரலாமான்னு யோசிக்கும்.

இப்பதான் விஷயத்துக்கு வாறேன். ஜெனோவான்னு ஒரு பிள்ளை. நாகர்கோவில்ல ஆஸ்பத்திரியில நர்ஸு. அவளுக்கு என்னைப் புடிக்கும். ஏன்னு கேக்காதீங்க, நானே கேக்கல. கேட்டா யோசிக்க ஆரம்பிச்சிருவா. ஆனா அவ அம்மா இருக்காவளே, பவுலீனம்மா, அவுகளுக்கு நான்னா ஆவாது. "படிப்பை முடிக்கல, பரோட்டாவையும் முடிக்கல, எடுத்ததை எதையாவது உருப்படியா முடிச்ச பயலா அவன்?" இதான் கேள்வி. நியாயமான கேள்விதான், அதுக்காக ஊர் பூரா கேக்கணுமா?

ஒரு தடவ வழியில பாத்து, "நல்லா இருக்கீங்களா அத்தை"ன்னுட்டேன். நின்னு, திரும்பி, என்னைய மேலருந்து கீழ ஒரு கோட்டிங் பாத்தாவ. "யாருல அத்தை? பெரியம்மான்னு கூப்பிடு"ன்னாவ. வில்லங்கத்தைப் பாத்தீங்களா? பெரியம்மான்னு கூப்பிட்டா ஜெனோவா எனக்குத் தங்கச்சி. ஒரே வார்த்தையில சோலியை முடிக்கப் பாத்தாவ. நான் அதுலருந்து அவுகளை எந்த முறையும் வச்சுக் கூப்பிடுறது இல்ல. "ஏங்க"ன்னுதான். புருஷனைக் கூப்பிடுற மாதிரி.

அவுக புருஷன் தனிஸ்லாஸ், லாரி டிரைவர். ஜெனோவா பள்ளிக்கூடம் படிக்கையிலேயே போய்ச் சேந்துட்டாரு. இந்த வருஷம் அவரு கல்லறையை பெலிக்ஸ் அடிக்கட்டும்னு ஜெனோவா அம்மாகிட்ட ஒத்தக் கால்ல நின்னுருக்கா. பவுலீனம்மா என்னைக் கூப்பிட்டு, முட்டுக்குத் தைலம் தேச்சுக்கிட்டே சொன்னாவ: "இதை ஒழுங்கா முடிச்சுக் காட்டு. மத்த பேச்சு அதுக்குப் பொறவு."

மத்த பேச்சு! அண்ணாச்சி, எனக்கு உடம்பு பூரா சில்வர் அடிச்ச மாதிரி ஆயிட்டு.

"எந்தக் கல்லறைங்க?"ன்னேன்.

"உள்ள போனதும் நீலமா ஒண்ணு தெரியும். தோட்டத்துலயே அது ஒண்ணுதான் நீலம். அதுக்கு வலது பக்கம் எங்க வீட்டுக்காரவ. பேரு இருக்கும், பாத்துக்க."

அவ்வளவுதான் சொன்னாவ. நீங்களே சொல்லுங்க, இதுல என் தப்பு எங்க இருக்கு? போனேன். நீலம் ஒண்ணே ஒண்ணுதான் நின்னுச்சு. அதுக்கு வலது பக்கம் ஒரு பழைய கல்லறை. கேக்க நாதியத்த கல்லறைக்கெல்லாம் மாதா சபையில வருஷா வருஷம் சுண்ணாம்பு பூசி விடுவாங்க. சுண்ணாம்பு மேல சுண்ணாம்பு ஏறி, எழுத்தெல்லாம் உள்ள முங்கிப் போச்சு. பாதருக்குக் கூடமாட நிக்கிற உபதேசியார் அந்தப் பக்கம் வந்தவரு, "ஏலே, சுரண்டிப் பேரை வாசிச்சுட்டு அடில"ன்னாரு. "பேரு எனக்குத் தெரியும் உபதேசியாரே, உங்க சோலியைப் பாருங்க"ன்னு பட்டியை அள்ளி அப்பிட்டேன்.

அன்னைக்கு நான் வேலை பாத்த மாதிரி என் வாழ்க்கையில பாத்ததில்ல. பாலிடெக்னிக்ல இதுல பாதி பாத்திருந்தா இப்போ உங்க பக்கத்துல உக்காந்திருக்க மாட்டேன். பால் வெள்ளை. ஓரத்துக்குத் தங்கக் கலர். சிலுவைக்கு சில்வர். அப்புறந்தான் அண்ணாச்சி, என் சொந்தக் கற்பனை. பவுலீனம்மா தைலம் தேய்க்கையில ஒரு வார்த்தை சொல்லியிருந்தாவ: "லாரின்னா அந்த மனுசனுக்கு உசுரு. வீட்டுல இருந்ததைவிட லாரியில இருந்ததுதான் அதிகம்." சொல்லி மூக்கை வேற உறிஞ்சினாவ. சரி, அப்போ லாரி இல்லாம எப்படி?

முன்பக்கம் பூரா ஒரு லாரி வரைஞ்சேன். ஹெட்லைட் ரெண்டும் எரியுது. பம்பர்ல 'ஒலி எழுப்பவும்'. நெத்தியில, பிள்ளைங்க பேரு எழுதுவாங்கல்லா, அங்கன 'ஜெனோவா'ன்னு கொட்டை எழுத்துல. கீழ, 'தனிஸ்லாஸ், லாரி ஓட்டுநர்'. அதுக்குக் கீழ, 'பிரிவால் வாடும் மனைவி, மகள்'.

அதோட நிறுத்தியிருக்கலாம். ஆனா பாருங்க, கொஞ்சம் இடம் மிச்சம் இருந்துச்சு. வெறும் இடத்தைப் பாத்தா பெயிண்டருக்குக் கை நிக்காது. 'மற்றும் மருமகன்'னு போட்டுட்டேன்.

எப்படியும் மத்த பேச்சு வரத்தானே போகுது, முன்கூட்டியே போட்டா என்ன?

திருநாள் வந்துச்சு. நல்ல சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வச்சு, கேட்டுக்கிட்டயே நின்னேன். பவுலீனம்மா வந்தாவ. ஜெனோவா பூக்கூடையோட பின்னாடி. நான் முன்னாடி நடந்து வழி காட்டப் போனா, அவுக என்னைக் கண்டுக்கிடாம விறுவிறுன்னு வேற பக்கம் போறாவ. முட்டுவலி எங்க போச்சுன்னே தெரியல. ரோஸ் கல்லறைக்குப் பக்கத்துல போயி நின்னாவ. அங்கன ஒரு கல்லறை பாசி புடிச்சு, புல்லு முளைச்சுக் கிடக்கு, ஒரு ஓணான் வேற மேல உக்காந்து எல்லாரையும் பாத்துத் தலையாட்டுது.

"எங்கல பெயிண்டு?"ன்னாவ.

நான் பதமாத்தான் சொன்னேன். "ஏங்க, நீங்க இடம் மாறி வந்துட்டீங்க. உங்க வீட்டுக்காரரு அங்க இருக்காரு."

"என்னது?"

"அந்தக் கோடியில. வாங்க, காட்டுதேன்."

"ஏலே, அவரைப் புதைச்சவ நானு. எனக்குத் தெரியாதா?"

"அன்னைக்கு நீங்க அழுதுக்கிட்டு இருந்திருப்பீங்க. கவனிச்சிருக்க மாட்டீங்க."

இது ஒரு ஆறுதலுக்குச் சொன்னது அண்ணாச்சி. ஆனா அவுக முகம் ரெட் ஆக்சைடு கலருக்குப் போயிட்டு. ஜெனோவா என் சட்டையைப் புடிச்சு இழுக்கா, நான் விடுவேனா, நியாயம் என் பக்கம்லா. "நீலத்துக்கு வலது பக்கம்னு நீங்கதானே சொன்னீங்க? இங்க நீலம் எங்க இருக்கு? காட்டுங்க பாப்போம்!"

ரோஸ் கல்லறைகிட்ட மெழுகுவத்தி ஏத்திக்கிட்டு இருந்த ரேஷன் கடைக்காரரு பைய நிமிந்தாரு. "போன வாரம் வரைக்கும் இதுதாம்மா நீலம். இந்தத் தம்பிதான் ரோஸ் அடிச்சுது. நல்லா அடிச்சிருக்கான்"னாரு.

பாராட்டுனாரு. பாராட்டுற நேரமா அது?

அப்பதான் தோட்டத்தோட அந்தக் கோடியிலருந்து ஒரே சிரிப்புச் சத்தம். கல்லறைத் தோட்டத்துல அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதே இல்ல. பவுலீனம்மா குடையை ஊணிக்கிட்டு நடந்தாவ. நான் பின்னாடி. என்னைய தூக்குமேடைக்குக் கூட்டிட்டுப் போற மாதிரியே இருந்துச்சு.

அது கித்தேரியம்மாள் டீச்சர் கல்லறை அண்ணாச்சி. எங்க ஊர் பள்ளிக்கூடத்துக்கு ஆதிகாலத்து ஹெட்மிஸ்ட்ரஸ். கல்யாணமே கட்டாதவங்க. ஊர்ல வயசான ஆம்பள ஒருத்தன் விடாம அவங்ககிட்ட அடி வாங்கியிருக்கான். அம்புட்டுப் பேரும் அங்கன வட்டம் கட்டி நிக்கானுவ. "டீச்சர் நமக்குத் தெரியாம லாரி ஓட்டியிருக்காவல"ங்கான் ஒருத்தன். "அதாம்ல, ஸ்டியரிங் புடிச்ச கை. ஒரு அறை விட்டா காது கேக்காதே"ங்கான் இன்னொருத்தன்.

அந்த நேரம் பார்த்து பாதர் கல்லறை கல்லறையா மந்திரிச்சுத் தீர்த்தம் தெளிச்சுக்கிட்டே வந்துட்டாரு. புதுசா மாறி வந்தவரு. யாரையும் தெரியாது. "இது யாரு கல்லறை?"ன்னாரு.

"கித்தேரியம்மாள் டீச்சர் சாமி"ன்னாரு உபதேசியார்.

பாதர் குனிஞ்சு வாசிச்சாரு. "டீச்சர் லாரி ஓட்டுநரா?"

"இல்ல சாமி. தலைமை ஆசிரியை."

"மனைவின்னு போட்டிருக்கே?"

"அவங்க கல்யாணமே கட்டல சாமி."

"அப்போ மருமகன்?"

உபதேசியார் என்னைப் பாத்துக் கையை நீட்டுனாரு. "அது இந்தா நிக்கான்."

ஜெனோவா கைக்குட்டையால முகத்தைப் பொத்திக்கிட்டா. தோளு ரெண்டும் குலுங்குது. பாவம், அழுகையை அடக்க முடியல பிள்ளைக்கு.

பவுலீனம்மா கண்ணாடியை மாட்டி, மொதல்லருந்து கடைசி வரை வாசிச்சாவ. கடைசி வரியை ரெண்டு மட்டம் வாசிச்சாவ. அப்புறம் தொடங்குச்சு பாருங்க. "ஏ பாவி, உசுரோட இருக்கையில எவ வாசலையும் மிதிக்காத மனுசனை, செத்த பொறவு இன்னொருத்தி வீட்டுல கொண்டு படுக்க வச்சுட்டியல! அதுவும் ஹெட்மிஸ்ட்ரஸ் வீட்டுல! இவனுக்குப் பொண்ணைக் குடுத்தா, கல்யாணத்தன்னைக்கு எந்தக் கோயிலுக்குப் போயி எவ கழுத்துல தாலி கட்டுவான்னு எவம்ல கண்டான்!"

ஊரே கைதட்டிச்சு. பாதர் கூட தீர்த்தச் செம்பை வச்சு வாயை மறைச்சுக்கிட்டாரு. நான் அப்பவே ஓடியிருக்கணும். "போயி பெயிண்டை எடுத்துட்டு வா. இன்னைக்கே, என் கண்ணு முன்னாடி முடிக்கணும்"னுட்டாவ.

நல்ல சட்டை அண்ணாச்சி. அதோட உக்காந்து பாசியைச் சுரண்டுனேன். அவுக ஒரு பிளாஸ்டிக் சேரைப் போடச் சொல்லி, குடையை விரிச்சு உக்காந்துட்டாவ. மேஸ்திரி தோத்தாரு. "அங்கன விட்டுட்ட. இங்கன புல்லு வேரு இருக்கு. அவசரப்படாத, எழுத்து தெரியணும்." சுரண்டச் சுரண்ட ஒவ்வொரு எழுத்தா மேல வந்துச்சு. 'தனிஸ்லாஸ்'னு முழுசா வந்ததும் குடையை மடக்கி வச்சாவ. எந்திரிச்சு வந்து, முந்தானையால அந்தத் தூசியைத் துடைச்சாவ. நான் சும்மா இருந்திருக்கலாம். "லாரி சின்னதா ஒண்ணு போட்டுரவா?"ன்னு கேட்டுட்டேன்.

"வேண்டாம்ல. அந்த லாரியாலதான் அந்த மனுசன் ஒரு திருநாளு பெருநாளுக்கு வீட்டுல தங்கல. இப்பவாவது இறங்கி, ஒரு இடத்துல கிடக்கட்டும்."

உசுருன்னு சொன்னது அவுகதான். இப்போ வேண்டாங்கறதும் அவுகதான். வெறும் வெள்ளை, கறுப்புல பேரு. அவ்வளவுதான் விட்டாவ. எனக்கு மனசே இல்ல. அங்கிட்டு டீச்சர் கல்லறையில, வந்தவன் போனவன் எல்லாம் மிச்ச மெழுகுவத்தியை ஊணிட்டுப் போறான். தோட்டத்துலயே அதுலதான் அன்னைக்கு வெளிச்சம் ஜாஸ்தி. எல்லாம் என் லாரியைப் பாக்க வந்த கூட்டம். லாரியை அழிச்சு டீச்சர் பேரை எழுதுன்னு பாதர் சொல்லிட்டாரு, ஹெட்லைட்டை மட்டுமாவது விடுங்கன்னேன், விடல.

முடிக்கையில இருட்டப் போகுது. சுத்தி வந்து பாத்தாவ. ஒரு குறை சொல்லல. அதுதான் எனக்குப் பயமே. வெள்ளை காயாம இருக்குன்னு கை வைக்காம நின்னு, பக்கத்துல வெறும் தரையைக் காட்டுனாவ. "இந்தா, இது எனக்குள்ள இடம். நாளைப் பின்ன நான் வந்து இங்கன படுத்தா, வெளியாளை விட்டு அடிக்கப்படாது. வீட்டு ஆளு கையாலதான் அடிக்கணும். வெள்ளை போதும். நீ வெளியூரு கிளியூருன்னு போயிராத, கேட்டியா?"

என்ன பேச்சு பாருங்க. வீட்டு ஆளுதான் அடிக்கணுமாம், ஆனா நான் ஊரை விட்டுப் போகக் கூடாதாம். வீட்டு ஆளு அடிக்கதை நான் அங்கன நின்னு வேடிக்கை பாக்கவா? எவ்வளவு வஞ்சம் இருந்தா ஒரு மனுசி இப்படிப் பேசுவா?

அதோட விட்டாவளா? "நாளைக்கு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் உங்க அம்மையும் அப்பாவும் எங்க வீட்டுக்கு வரணும். வெறுங்கையா வரவேண்டாம்னு சொல்லு"ன்னாவ. அங்கன வச்சுக் கிழிச்சது போதாதுன்னு அம்மை அப்பாவைக் கூப்பிட்டு வேற கிழிக்கணும். வெறுங்கையா வரப்படாதாம், நஷ்டஈடு! ஏற்கனவே பாலிடெக்னிக் பிரின்சிபால் கூப்பிட்டப்போ எங்க அம்மை போயி நின்னு அழுததே போதும். நான் வீட்டுல மூச்சு விடல. விடியக்காலம் எந்திரிச்சேன், பஸ்ஸைப் புடிச்சேன்.

ஜெனோவாவாவது என் பக்கம் இருப்பான்னு பாத்தா, அவ அதுக்கு மேல. காலையிலருந்து போன் மேல போன். ஒரு தடவ எடுத்தேன். "உங்க அம்மா கிளம்பிட்டாவளா? என்ன கலர் சேலை?"ங்கா. என்ன ஆசை பாருங்க, எங்க அம்மை திட்டு வாங்குறதைப் பாக்க. பின்னாடி சட்டிச் சத்தம். "கேசரி கிண்டிக்கிட்டு இருக்கேன், வச்சிருதேன்"ங்கா. எங்க அம்மைக்கு அவமானம், இவளுக்குக் கேசரி! இப்படி ஒரு பிள்ளையையா நான் லாரி நெத்தியில எழுதுனேன்னு ஆயிட்டு.

என்ன அண்ணாச்சி, நானே நொந்து போயிக் கிடக்கேன், இப்படிச் சிரிக்கிய. முன்சீட்டு அக்காவும் திரும்பிப் பாத்துச் சிரிக்காவ. இதுல சிரிக்க என்ன இருக்கு?

என்னது?

இல்ல, மறுபடி சொல்லுங்க. வெறுங்கையா வராம... பூவும் பழமுமா?

வீட்டு ஆளுன்னா...

நானா?

சும்மா இருங்க அண்ணாச்சி, விளையாடாதீங்க. அவுக என்னையவா? ஆனா அப்படிப் பாத்தா... குறையே சொல்லலியே... அந்த கேசரி...

கண்டக்டர்! கண்டக்டர் அண்ணே! விசில் அடிங்க! நிப்பாட்டுங்க, இறங்கணும்! மூலைக்கரைப்பட்டி ஸ்டாப்பு வரட்டும்ங்கிறதெல்லாம் ஆவாது, இங்கனயே, இந்தக் காட்டுக்குள்ளயே நிப்பாட்டுங்க! அண்ணாச்சி, காலை மடக்குங்க, போனைக் காணோம், உங்களுக்கு அடியில கிடக்கா பாருங்க. சீக்கிரம் அண்ணாச்சி, பூசை இந்நேரம் முடிஞ்சிருக்கும். அங்க கேசரியை வச்சுக்கிட்டு வாசலைப் பாத்து உக்காந்திருப்பாவ. எங்க அம்மைகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லலியே!